பச்சை மைக் கையெழுத்து

2005 வாக்கில் நானும் அவனும் படப்பையில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம்தான் ஊர். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை, எனக்கு பேக்கிங். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே காது மந்தம். ஒருநாள் பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்தும் நகராமல் நின்றுவிட்டான். சூப்பர்வைசர் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"காதுக்கு எதுனா மெஷின் வெச்சிக்கினு வா. இன்னொரு வாட்டி இப்டி நின்னீனா உள்ள வுட மாட்டேன்."

மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதனாலேயே அந்த வார லீவிலேயே மெஷின் தேடிக் கிளம்பினோம்.

காஞ்சிபுரத்துக் கடையில் சொன்ன விலையைக் கேட்டு மயக்கம் வராத குறை. பிரவுசிங் சென்டரில் தேடியபோது, இணையச் சந்தை ஒன்றில் யாரோ பழைய காது மெஷினை விற்பதாகப் போட்டிருந்தார்கள். உறுப்பினராவதற்கு முன் விதிமுறைகள் ரயில் நீளத்துக்கு வந்தன. அதை முழுக்கப் படித்துவிட்டு டிக் அடித்த மனிதரை இன்றுவரை நான் சந்தித்ததில்லை. நாங்களும் படிக்காமல் அடித்தோம். பதினெட்டு நிறைந்தவரா என்பதற்கும் ஒரு டிக். அதில் பொய்யில்லை, அவனுக்கு நிஜமாகவே பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. பேங்கில் டிடி எடுத்து அனுப்பினான்.

வந்த மெஷினில் உயிரே இல்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தும் முனகக்கூட இல்லை. அனுப்பும்போது நன்றாக இருந்தது என்று விற்றவர் கைகழுவிவிட்டார். அதன் பிறகுதான் அகராதியை வைத்துக்கொண்டு விதிமுறைகளைப் படித்தேன். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக முடியாது. சந்தைக்காரர்கள் நியமிக்கும் மத்தியஸ்தர் சொல்வதுதான் முடிவு. விசாரணை மும்பையில், ஆங்கிலத்தில். உனக்கு ஒன்றும் கிடையாது போ என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம், இடமாவது மிச்சமாகியிருக்கும். ஆத்திரத்தோடுதான் புகாரை அனுப்பினேன். வயதுச் சான்றின் அட்டெஸ்ட் செய்த நகல் வேண்டும் என்று பதில் வந்தது.

அவனிடமிருந்த ஒரே சான்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அதில் அவன் இரண்டு வயது சின்னவன். எங்கள் பக்கம் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே வயதைக் குறைத்துப் போட்டுவிடுவார். பிற்காலத்தில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கு. எங்கள் செட்டில் ஒருவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை என்பது வேறு கதை. காண்ட்ராக்டர் எந்தச் சான்றையும் பார்க்காமல் கேட் பாஸில் பத்தொன்பது என்று எழுதியிருந்தார். அதுதான் உண்மை வயது என்பது பாவம் அவருக்கே தெரியாது.

"வெவரத்த ஒரு லெட்டரா எழுதிக் கூட வைப்போம்டே. புரிஞ்சுக்கிடுவாங்க" என்றான். நானும் நம்பினேன்.

ஊரில் அட்டெஸ்ட் வாங்குவதென்றால் பச்சை மையில் கையெழுத்துப் போடும் ஆபீசரைத் தேடிப் போவோம். கம்பெனி ஹெச்.ஆர். அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடுவதை அவன் பார்த்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், டீ நேரத்தில் நேராக அவரிடமே போய் நின்றிருக்கிறான். நடந்ததை அறைக்கு வந்தபின் அவனே சொன்னான்.

"இதுல உனக்கு இன்னும் பதினெட்டே ஆகலையேப்பா. பிரஸ் ஷாப்லயா இருக்க?"

"நெசத்துல பத்தொம்பது சார். வாத்தியாரு கொறச்சுப் போட்டுட்டாரு. எங்கம்மாட்ட வேணா கேளுங்க."

"அம்மா சொல்றது டாக்குமென்ட் இல்லப்பா."

நகலில் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டருக்குப் போன் செய்திருக்கிறார். ஆடிட் வரப்போகிற சமயம், பதினெட்டு ஆகாதவன் பிரஸ்ஸில் நிற்பது தெரிந்தால் கம்பெனிக்கு வம்பு. மாலைக்குள் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதினெட்டு ஆனதும் வா என்றாராம் காண்ட்ராக்டர். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. வாத்தியாரிலிருந்து ஹெச்.ஆர். வரை ஒருவரும் அவனுக்குக் கெடுதல் நினைத்தவர்களில்லை.

கையெழுத்து வாங்கியாயிற்றே என்று நகலையும் லெட்டரையும் அனுப்பிவைத்தோம். அவன் ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். எல்லா வாசலிலும் முதலில் மார்க் ஷீட்டைத்தான் கேட்டார்கள்.

சந்தைக்காரர்களின் பதில் பொங்கலுக்கு முன் வந்தது. லெட்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினெட்டு நிறையாதவர் என்பதால் அவன் கணக்கை மூடிவிட்டார்கள். வேண்டுமானால் அவனுடைய கார்டியன் மும்பைக்கு வந்து மத்தியஸ்தரிடம் முறையிடலாமாம். பிரவுசிங் சென்டர் என்றும் பாராமல் நான் அதைத் தமிழில் அவனுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"கார்டியன்னா யாரு?"

"உனக்கு அப்பா இல்லையே. அம்மாதான்."

"நான் இன்னும் வேலைக்குப் போறேன்னுல்லா அவ நெனச்சிக்கிட்டிருக்கா" என்றான்.

வெளியே வந்ததும் பூத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டான். ஓ.டி. இருக்கிறது, பொங்கலுக்கு லீவு தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.