பதினோரு ஏலக்காய்ப் படம்

போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகளில் ஒன்று நான் ஓட்டுவது. என் சட்டையின் இடது பையில் எப்போதும் ஏலக்காய் கிடக்கும். போடிமெட்டு வளைவுகளில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் ஒன்றை எடுத்து நீட்டுவேன். வாயைத் திறந்து பேசுவதைவிட அது எனக்குச் சுலபம். பெண்கள் நிறைந்த ஜீப்பை இத்தனை வருடம் ஓட்டியும் எனக்குக் கூச்சம் போகவில்லை.

என் மகள் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். ஏரிக்கு அடியில் ஓர் ஊர், அதை ஆளும் மீன் முகத்து ராணி, அங்கே போய் மாட்டிக்கொண்ட அப்பாவைத் தேடிப் போகும் ஒரு சிறுமி. நான் ஐந்தோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் அவளே எனக்கு நான்கு முறை வாசித்துக் காட்டினாள். படத்தில் ராணி கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கதை சினிமாவாகத் தமிழ் பேசி எங்கள் ஊருக்கு வந்தது. சுவரொட்டியில் ராணியின் வாய் காது வரை கிழிந்திருந்தது. மகள் குதித்தாள். என் மனைவிக்குப் பயம். டிவியில் ஒரு பேய்ப்பட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மகள் மூன்று நாள் குளியலறைக்குத் தனியாகப் போகாமல் இருந்தவள்.

"மொதல்ல நீங்க போய்ப் பாருங்க. பிள்ளை பாக்கலாம்னா பாக்கட்டும். இல்லைன்னா பேச்சே எடுக்கக் கூடாது" என்றாள் மனைவி.

மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

மழை வலுத்து, மலையில் வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனேன்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"பிள்ளைக?"

"வீட்டுல இருக்கு."

டிக்கெட் கொடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே என்னைச் சுற்றிக் குழந்தைகளும் தாய்மார்களும். நடுவில் மீசையோடு நான் ஒருவன். பக்கத்து இருக்கை அம்மா தன் பையனைத் தூக்கி அந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்தார்.

பயமான இடங்களை எண்ணிக்கொள்ள ஒரு வழி செய்தேன். பயம் வந்தால் இடது பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வலது பையில் போடுவது. ராணி வாயைத் திறந்தாள், ஒன்று. தண்ணீருக்குள்ளிருந்து கைகள் வந்தன, இரண்டு. இப்படியே போனது. வெளியே வந்து எண்ணினால் பதினொன்று. ஆனால் ஓரிடத்தில் நடுங்கிப்போய் ஏலக்காயைப் பைக்குப் பதில் வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

வீட்டில் இருவரும் வாசலிலேயே நின்றார்கள். எனக்குத் தலையாட்டவும் பயம், மறுக்கவும் மனமில்லை.

"திங்கக்கெழமை சொல்றேன்" என்றேன்.

"படம் பாத்தது நீங்க. திங்கக்கெழமை யாரு வந்து சொல்லப்போறா?" என்றாள் மனைவி.

முன் சீட்டு அக்காதான் சொன்னார். எங்கள் தெருக்காரர். தெருமுனையில் நிற்கும் ஜீப்பில் முதல் ஆளாக ஏறி என் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்வார். நான் சனிக்கிழமை சினிமாவுக்குப் போன சேதி எனக்கு முன்னால் ஜீப்பில் ஏறியிருந்தது.

"என்ன தம்பி, பொண்டாட்டிய விட்டுப்புட்டு ஒத்தையில படமா?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை எடத்துல பயமா இருக்கு?"

"பதினொண்ணு. பன்னெண்டாவும் இருக்கலாம்."

"இந்தப் பாதைக்குப் பதினேழு வளைவு. அதுலயே கைப்பிள்ளையத் தூக்கிட்டு வர்றாளுக. பன்னெண்டுக்கு என்னய்யா யோசனை? ஏத்து வண்டிய!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிப்போனேன். எண்ணிப் பன்னிரண்டு ஏலக்காய் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பயத்துக்கும் கொஞ்சம் முன்னால், "வளைவு வருது" என்று மகளின் காதில் சொல்லி, அவள் உள்ளங்கையில் ஒன்றை வைத்தேன். அவள் வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு ராணியை முறைத்துப் பார்த்தாள். தண்ணீர்க் கைகளுக்குச் சிரிக்கவே செய்தாள். என் மனைவிதான் முந்தானைக்குள் இருந்தாள். பன்னிரண்டும் தீர்ந்தன. ஜெயித்துவிட்டேன் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது சிறுமி அன்றொரு நாள் நடந்ததை நினைத்துப்பார்ப்பதாக ஒரு காட்சி வந்தது. அவள் அப்பா விடிவதற்கு முன் லாந்தரை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் வேலைக்குப் போகிறார். அவள் கதவருகே நிற்கிறாள். அவர் போய்க்கொண்டே இருக்கிறார். அவ்வளவுதான். புத்தகத்தில் அது ஒரே வரி. நான் முதல் முறை பார்த்தபோது அந்த நேரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் விசும்பினாள். நான் இரண்டு பையையும் தடவினேன். ஒன்றுகூட இல்லை.

"இதுக்கு நீ சொல்லவே இல்லையேப்பா."

"இதுல என்ன பயம், ஆத்தா?"

"அவரும் திரும்பியே பாக்கல."

நான் அதிகாலையில் கிளம்பும்போது அவள் எழுந்து வாசலில் வந்து நிற்பாள். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ஓடிவருவாள் என்று நான் பார்ப்பதில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பழகிய பழக்கம். அதை அவள் எண்ணிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் ஜீப்பில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். வாயில் பல் விளக்கும் பிரஷ், தாடையெல்லாம் நுரை. அப்படியே வாசலில் நின்றாள், ஓடிவரவில்லை. கையசைக்கக் கூச்சமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அழுத்திவிட்டேன். அவள் பிரஷைத் தூக்கி ஆட்டினாள். நாலு வீட்டில் விளக்கு எரிந்தது.

முன் சீட்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

"யோவ், குச்சி கெணக்கா நேரா கெடக்குற தெருவுல எதுக்குய்யா ஹாரனு?"

"வளைவு வருது, அக்கா" என்றேன்.

தினமும் அடிக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அவருக்கும் அதே பதில்தான்.