பத்தாம் நம்பர் மலையின் ஆண் பூச்சி

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் கோசலாவின் வேலை பாசி சுரண்டுவது. தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பெயர். வெட்டியபின் மொட்டையாக நிற்கும் கட்டைகளில் பச்சையும் சாம்பலுமாகப் பாசி அப்பிக் கிடக்கும். அதை எடுத்தால்தான் புதுத் துளிர் ஒழுங்காக வரும். கையில் ஒரு தேங்காய் மட்டை, மழுங்கச் சீவிய ஒரு மரத்துண்டு, இடுப்பில் படங்கு என்று சொல்லும் சாக்குத் துணி. ஒரு நாளைக்கு நூற்றிருபது செடி. கோசலாவுக்கு வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருடமாக இந்த வேலையும் கொழுந்து பறிப்பதும் மாறி மாறி.

சென்ற வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து தனுஜா என்ற ஆய்வாளர் தோட்டத்துக்கு வந்தார். ஹட்டனில் பிறந்து வளர்ந்தவர். முப்பது வயது இருக்கும். மரப்பட்டையிலும் பாசியிலும் வாழும் பட்டைப்பூச்சிகளைத் தேடி, இந்த நாட்டின் பூச்சிப் பட்டியலில் சேர்ப்பதுதான் அவருடைய ஆய்வு. பழைய புத்தகத்தைத் திறந்தால் தாளுக்குள் வெளிறிய பூச்சி ஒன்று ஓடுமே, அதன் உறவு இது. இரண்டு மில்லிமீட்டர், மிஞ்சினால் மூன்று. கடிக்காது, தேயிலையைத் தின்னாது, நோய் பரப்பாது. காய்ந்த பாசியையும் பூஞ்சணத்தையும் மேய்ந்துகொண்டு இருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாததால் யாரும் அதைப் பற்றி அதிகம் எழுதி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்குத் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்களைக் கேட்டார் தனுஜா. கோசலா போனார். வெள்ளைத் துணி கட்டிய சட்டத்தைக் கிளைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தடியால் கிளையை இரண்டு தட்டு தட்ட வேண்டும். துணியில் விழுவதை ஈரத் தூரிகையின் நுனியால் ஒற்றி, ஸ்பிரிட் நிரம்பிய குப்பியில் விட வேண்டும். முதல் நாள் தனுஜாவோடு வந்த மாணவர்கள் இருவரும் சேர்ந்து ஆறு பூச்சி எடுத்தார்கள். கோசலா முப்பத்தொன்று எடுத்தார்.

“எப்படிக்கா?” என்று தனுஜா கேட்டார்.

“பச்சைப் பாசியில தேடாதீங்க மிஸ், அது ஈரம். கட்டைக்கு அடியில சாம்பக் கலர்ல காஞ்சு கெடக்கு பாருங்க, அங்கதான் மேயும். ஆளு வந்தா அப்புடியே பின்னாடி நடக்கும்.”

“பின்னாடியா?”

“ஆமா. கண்டாக்கையாவப் பாத்தா நாங்க நகர்ற மாதிரி.” கண்டாக்கு என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கும் அதிகாரி.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, தனுஜா வர முடியாமல் போனது. கோசலா தனியாகப் போய் நாலு குப்பி நிரப்பினார். அதில் ஒரு பூச்சியின் இறக்கையில் காப்பித் தூள் சிந்தினாற்போலப் புள்ளிகள் இருந்தன. அப்படி ஒன்றை அதுவரை அவர் பார்த்ததில்லை. குப்பிக்குள் போடும் சீட்டைத் தானே எழுதினார். பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். “10ஆம் நம்பர் மலை. தேயிலைக் கட்டை. கோசலா.” கீழே தேதி. தோட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் மலை என்றுதான் பெயர், அதற்கு ஒரு நம்பரும் உண்டு.

ஜூலையில் தனுஜா அந்தக் குப்பியைப் பற்றிச் சொல்ல கோசலாவின் லயத்து வீட்டுக்கே வந்தார். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்த வெளிநாட்டு நிபுணர் பதில் எழுதியிருந்தார். இது இதுவரை பெயர் வைத்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. ஆனால் கிடைத்திருப்பது பெண். இந்தக் கூட்டத்தில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆணின் வால் நுனியில் இருக்கும் கொக்கிகள்தான். ஆண் ஒன்று கிடைத்தால் புதிய இனம். கிடைக்காவிட்டால் ‘இனம் தெரியாதது’ என்ற ஒற்றை வரியோடு குப்பி அலமாரிக்குப் போய்விடும்.

“புடிச்சிருவோம் மிஸ்,” என்று கோசலா சிரித்தார். “ஆம்பளை எங்க போயிரப் போகுது.”

மழை விடாததால் தேடப் போவது தள்ளிக்கொண்டே போனது. ஆகஸ்ட் பதினோராம் தேதி கோசலாவின் கணவர் யோகேஸ்வரன், நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தில் கொப்பு வெட்டும்போது விழுந்தார். தூக்கி வந்தவர்கள் ரோட்டுக்கு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கோசலா நின்றார். கூட்டத்தில் வழக்கமான இடத்தில் நின்று, பெயர் கூப்பிட்டதும் பதில் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கறியில் உப்பு இல்லை என்று அவர்கள் வந்து சொன்னபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தார். கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் மகள் வினோதா ஒவ்வொரு மாலையும் போன் பண்ணுவாள். மகள் பேசுவாள், இவர் ‘ம்’ போடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூச்சி வேலைக்குப் போவது தானாக நின்றுவிட்டது.

செப்டம்பரில் தனுஜா மாணவர்களோடு மூன்று முறை வந்தார். ஆபீஸ் வரைபடத்தை வைத்துக்கொண்டு பத்தாம் நம்பரைச் செடி செடியாகத் தட்டினார்கள். புள்ளி இறக்கைப் பூச்சி ஒன்றுகூட விழவில்லை. துக்க வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தனுஜா கோசலாவைக் கூப்பிடவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் பகல் சோற்று நேரம் அவர் போன் பண்ணினார்.

“அக்கா, சுகமா இருக்கீங்களா?”

“இருக்கேன் மிஸ்.”

“கேக்கக் கூடாதுதான். அந்தப் பூச்சி எடுத்தீங்களே, பத்தாம் நம்பர்ல எந்தப் பக்கம்? மூணு தடவை பாத்துட்டோம், ஒண்ணும் இல்ல.”

“தண்ணி போற கான் ஓரம் மேல் பக்கம். இப்ப அங்கதான் இருக்கேன். நாலு நாளா பாசி சுரண்டுறோம்.”

“இல்லக்கா, பத்துல கவ்வாத்தே பண்ணலையே. போன மாசம் கூட நான் அங்க நின்னேன்.”

ஏழு வருடத்துக்கு முன்னால் கம்பெனி மலைகளை அளந்து நம்பர்களை மாற்றியது. பழைய பத்து இப்போது பதினாலு. எல்லைக் கல்லில் அப்படித்தான் பெயின்ட் அடித்திருக்கிறது. ஆபீஸ் காகிதங்களிலும் அதுதான். ஆனால் பெரட்டில் கண்டாக்குகூடப் ‘பத்து’ என்றுதான் சொல்வார். பதினாலு என்றால் ஆட்கள் பழைய பதினாலுக்குப் போய் நிற்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு சரிவைத்தான் தனுஜா மூன்று முறை தட்டியிருந்தார்.

“இப்ப அதுக்கு பதினாலு மிஸ்,” என்றார் கோசலா.

“உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும். அவரு விழுந்ததுக்கு ஆபீஸ்ல கையெழுத்து வாங்குனாங்க. பதினாலாம் நம்பர்ல விழுந்தாருன்னு இருந்துச்சு. பத்துலதானே விழுந்தாருன்னு கேட்டேன். கிளாக்கர் சொன்னாரு.”

“அப்ப சீட்டுல எழுதுனது தப்புன்னு…”

“தோணல மிஸ்.”

தனுஜா எவ்வளவு செடி மிச்சம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். மேல் ஓரத்தில் நூற்றுச் சொச்சம், நாளைக்கு முடிந்துவிடும். முதல் ரயிலைப் பிடித்தாலும் மலைக்கு வந்துசேர பகல் இரண்டு மணியாகும் என்றார் தனுஜா. அதுவரைக்கும் தொட வேண்டாம் என்று கண்டாக்கிடம் சொல்ல முடியுமா?

கண்டாக்கு சோமசுந்தரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை.

“பூச்சிக்காக மலைய விடச் சொல்றீங்க.”

“ஒரு நாளுக்கு ஐயா.”

“நாளன்னைக்குக் காலையில பெரிய தொரை வந்து பாக்குறாரு. பாசி இருந்தா என்னையத்தான் கேப்பாரு. பூச்சி இருந்துச்சுங்கன்னு சொல்லவா?” கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “ஒரு ஆளு வேலதான் மிச்சம். நீங்களே தனியாச் செய்ங்க. தட்டுங்க, பாருங்க, என்னமும் பண்ணுங்க. நாலரைக்கு மலை சுத்தமா இருக்கணும்.”

அன்று மாலை கோசலா மகளுடைய பழைய பள்ளி வெள்ளைச் சட்டையை வெட்டி, உடைந்த குடையின் கம்பிகளில் இழுத்துக் கட்டினார். தூரிகையும் இரண்டு குப்பியும் ஜூனில் வைத்த தகர டப்பாவிலேயே இருந்தன.

மறுநாள் ஏழரைக்குத் தொடங்கினார். தட்டு, பார், சுரண்டு. மற்றவர்கள் கானுக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறித்தார்கள். பதினைந்து வருடமாகப் பக்கத்து நிரையில் நிற்கும் மீனம்மா அங்கிருந்தே கத்தினார்.

“ஏ கோசலா, குடையத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு என்னடி பண்ற?”

“ஆம்பளையத் தேடுறேன்.”

கொழுந்து பறித்தவர்கள் சிரித்தார்கள். பிறகு யாருக்கோ யோகேஸ்வரன் ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மீனம்மாவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை.

“எம்புட்டு ஒசரம்?”

“ரெண்டு மில்லிமீட்டர்.”

“போதும்டி. எங்க வீட்ல இருக்கிறதும் அம்புட்டுத்தான் ஒதவுது.”

கோசலா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த செடிக்குக் குனிந்தார். எட்டடி தள்ளி, கொப்பு பாதி வெட்டியபடியே சவுக்கு மரம் நின்றது. அதன் கீழே இருந்த செடிகளையும் மற்றச் செடிகளைப் போலவே தட்டினார், பார்த்தார், சுரண்டினார்.

பத்தரை மணிக்கு முதல் புள்ளி இறக்கை விழுந்தது. பெண்ணைவிட ஒல்லி, கண் பெரிசு. ஆண்தான். ஆனால் காலையிலிருந்து ஈரப் பாசியில் கிடந்த விரல்கள் மரத்துப் போயிருந்தன. தூரிகையை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கைக்குத் தெரியவில்லை. துணியில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் மிஞ்சியது. கைகளைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு செடிக்கும் முன்னால் அப்படிச் செய்தார்.

ஒன்று பத்துக்கு இரண்டாவது விழுந்தது. ஓடுவதற்குள் ஒற்றினார். ஓர் இறக்கை துணியிலேயே ஒட்டிக்கொண்டது. உடம்பு குப்பிக்குள் போனது. அந்தச் செடியைச் சுரண்டாமல் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவைத்துவிட்டு மேலே போனார்.

தனுஜா வந்தபோது இரண்டு இருபது. மூட்டம் இறங்கித் தூறத் தொடங்கியிருந்தது. ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் குப்பியை வாங்கி, லென்ஸைக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

“இறக்கை போயிருச்சு மிஸ்,” என்றார் கோசலா.

“இறக்கை அந்தப் பெண் பூச்சியில இருக்குக்கா. இதுல வால்தான் வேணும். வால் முழுசா இருக்கு.” தனுஜா குப்பியின் மூடியை இறுக்கினார். “ஆண்தான். இது போதும்.”

“அப்ப சரி.”

“புதுசுக்கு நாமளே பேர் வைக்கலாம். உங்க பேர் வைக்கலாம். இல்ல, யோகேஸ்வரன் அண்ணன் பேர்.”

கோசலா யோசித்தார். யோசித்தும் எந்தப் பக்கமும் மனம் சாயவில்லை. “எந்தப் பேரோ வைங்க மிஸ். மலை நம்பர மட்டும் சரியா போடுங்க.”

கிழிசல் கட்டிய செடிக்கு இருவரும் வந்தார்கள். அடிப்பக்கத்தில் சாம்பல் பாசி காய்ந்து கிடந்தது. கீழே சரிவு முழுவதும் கட்டைகள் வழுவழுவென்று சுத்தமாக நின்றன.

“இந்த ஒரு செடியையாவது விட்டுறலாமாக்கா?”

“விட்டா நாளைக்கு விடிய முன்னாடி கண்டாக்கையா வேற யாரையாச்சும் அனுப்புவாரு. அவங்க தட்டிப் பாக்க மாட்டாங்க.”

துணியைக் கீழே பிடித்து இரண்டு தட்டு தட்டினார். ஒன்றும் விழவில்லை. மறுபக்கம் போய் இன்னும் இரண்டு தட்டு. தூசியும் ஒரு சிலந்தியும் விழுந்தன. துணியைத் தனுஜாவிடம் கொடுத்துவிட்டு மரத்துண்டை எடுத்து, கட்டையின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுரண்டத் தொடங்கினார். தனுஜா அவருக்கு மேல் அந்தத் துணிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலரைக்குள் இன்னும் இருபத்தொன்பது செடி இருந்தது.