ஆயாக் கொட்டகை திறக்கும் நேரம்

பல்கலைக்கழகத்தில் நான் சமூகவியலையும் சமூகக் கொள்கையையும் சேர்த்துப் படித்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதை விளக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். மக்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்பது ஒரு பாடம், அதற்கு அரசாங்கம் என்ன செய்யலாம் என்பது இன்னொரு பாடம் என்பேன். "அதுக்கு எதுக்கு லா கோலாலம்பூர் போவணும்? எங்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?" என்பாள் அக்கா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு முன் என் விரிவுரையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: இரண்டு பாடமும் ஒன்றாக நிற்பதை ஓர் ஆய்வில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை விட்டுவிட வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும். புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொண்டேன். பெண்பிள்ளைகள் ஏன் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் கேள்வி.

பேனாவும் தாளுமாக, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போனேன். என்னைத் தூக்கி வளர்த்த அத்தைமார் எழுந்து நின்றார்கள். "ஒரு கொறையும் இல்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு." அது தோட்ட நிர்வாகியான துரைக்குச் சொல்லும் பதில். துரை லயத்தைப் பார்க்க வரும் நாளில் கால்வாயோரம் சுண்ணாம்பு அடித்து, வாசலில் நின்று, குறை உண்டா என்று அவர் கேட்டால் இல்லை என்பார்கள். தாள் பிடித்த கையைக் கண்டால் அந்தப் பதில் தானாக வந்துவிடும். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் வெறுங்கையோடு அக்காவுடன் பால்மரம் வெட்டப் போனேன். வெட்டி முடித்த பிறகு, கோப்பையில் பால் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் பெண்கள் சோற்றைப் பிரிப்பார்கள், வாயையும் திறப்பார்கள்.

"நாம இருட்டுலயே வந்துர்றோம். கைப்புள்ளைங்கள வுடுற ஆயாக் கொட்டாய விடிஞ்சப்பறந்தான் தொறக்குறாங்க. அதுவரைக்கும் யாரு பாக்குறது? பெரிய பொண்ணுதான்" என்றார் ஓர் அத்தை. தோட்டத்துப் பள்ளி பக்கத்தில் இருந்ததால் ஆறாம் வகுப்புவரை சிக்கலில்லை. அதற்கு மேல் படிக்கக் கோலசிலாங்கூர் போகும் பள்ளி பஸ், கொட்டகை திறக்கும் முன்பே போய்விடும்.

"நானும் அப்பிடித்தான் நின்னேன், தம்பியப் பாத்துக்க. ஒன் மொற வர்றப்ப அவன் வளந்துட்டான் லா" என்றாள் அக்கா. "வர்ற வருசம் என் மூத்தவ மொற. மடியில ஒண்ணு இருக்கே, என்னா செய்ய?"

நான் படித்ததற்கு என் மூளைதான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

ஆய்வை எழுதினேன். காரணம், ஒரு கதவு திறக்கும் நேரம். வழி, அதை முன்கூட்டியே திறப்பது. விரிவுரையாளர் படித்துவிட்டு, "இரண்டையும் படி" என்றார். துள்ளிக் குதித்தேன். ஆனால் கொட்டகை என்னவோ பழைய நேரத்துக்கே திறந்தது.

ஆண்டுக் கடைசி விடுமுறையில் நான் வீட்டிலிருந்தபோது துரை வந்தார். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. குறை ஏதும் உண்டா என்று கேட்டார். எல்லாரும் வழக்கம்போல இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்கள்.

"இருக்குங்க தொர" என்றாள் அக்கா. "ஆயாக் கொட்டாய இருட்டுலயே தொறக்கணும். பொண்ணுங்க பஸ்ஸு புடிக்கணும்."

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பலமாக இருமினார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பின்னாலிருந்து ஓர் அத்தை, "ஆமாங்க" என்றார். பிறகு இன்னொருவர். பிறகு யார் யார் என்று தெரியாதபடி எல்லாரும்.

ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்பின் முதல் நாள் அக்காவின் மகள் பஸ் ஏறியபோது, கையசைக்க நான்தான் நின்றேன். அக்கா மரம் வெட்டப் போயிருந்தாள். கைக்குழந்தை, இப்போது இருட்டிலேயே திறந்துவிடும் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தது.