கிள்ளான் வெயிலில் ஒரு மஞ்சள் படம்

என் கணவர் செல்வம் ஈப்போவில் இருபத்திரண்டு வருடம் கல்யாணப் படம் எடுத்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை வலுவிழந்தது. கேமராவை அலமாரியில் பூட்டியவர், படங்களைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார். மஞ்சளையும் வெயிலையும் வைத்தே புகைப்படம் அச்சிடலாம் என்று கிள்ளானில் இருக்கும் எங்கள் தோழி ஸ்டெல்லா சொன்னதும், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கிளப்பினேன். கோயிலுக்கு என்று சொன்னேன். (பொய்தான்.)

ரயிலில் தலைநகரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பத்து நிமிட நடை. மளிகைக் கடையில் மஞ்சள் கேட்டபோது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. படம் அச்சிட என்றதும் கடைக்காரர், "அப்ப கஸ்தூரி மஞ்சள் வேணாம்க்கா. கறி மஞ்சள்தான் நல்லா சாயம் விடும்" என்றார். கால் கிலோ ஐந்து ரிங்கிட். வெளியே வந்ததும் என் கணவர், "நான் பாக்க மட்டும்தான் வருவேன்" என்றார்.

இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை 8.20க்குக் கொமுட்டர் ரயில், கிள்ளானுக்கு எழுபது நிமிடம். ஸ்டேஷனிலிருந்து ஸ்டெல்லா வீட்டுக்கு வாடகைக் கார் ஒன்பது ரிங்கிட்.

ஸ்டெல்லா ஓய்வுபெற்ற நர்ஸ். நாங்கள் கொண்டுபோன மஞ்சள் தூளை மருந்துக் கடை ஆல்கஹாலில் கரைத்து, துணியில் வடிகட்டினார். அதை நிழலில் வைத்துக் காகிதத்தில் பூசி உலர்த்தினேன். எங்கள் மகள் மழையில் சிரிக்கும் படம், இவர் எடுத்ததுதான், ஒளி ஊடுருவும் தாளில் அச்சாகி இருந்தது. இரண்டையும் கண்ணாடிக்கு அடியில் அழுத்தி, பதினோரு மணிக்கு வெயிலில் வைத்தோம். ஒளி படும் இடம் வெளுக்கும், மறைந்த இடம் மஞ்சளாகவே நிற்கும்.

பன்னிரண்டரைக்கு மேகம் கூடியது. மழை வருமுன் எடுத்துவிடலாம் என்று ஸ்டெல்லா எழுந்தார். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இவர் கிட்டே வந்து குனிந்தார்.

"எடுக்காத ஸ்டெல்லா. கன்னத்துப் பக்கம் இன்னும் வெளுக்கல. வெயில் திரும்பும்."

திரும்பியது. இரண்டு மணிக்குத் திறந்து, வெங்காரம் (போராக்ஸ்) கரைத்த நீரைத் தெளித்தோம். மஞ்சள் செங்கல் நிறமாக மாற, மகளின் முகம் தெளிந்து வந்தது. இவர் இடது கையில் தூரிகையை எடுத்து, இன்னொரு காகிதத்தில் தானே பூச ஆரம்பித்தார். கை கோணியது. உதவப் போன என்னை ஸ்டெல்லா பிடித்து நிறுத்தினார்.

"கோடு கோடா வருதே."

"பரவால்ல லா அண்ணே, உங்க கோடுதானே."

அதையும் மகள் படத்தோடு வெயிலில் வைத்தோம். அந்தப் படத்துக்கு வெயில் போதவில்லை; மங்கலாகத்தான் வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது இவர் கேட்டு வாங்கிக்கொண்டது அதைத்தான்.

நீங்களும் செய்வதென்றால் பத்து மணிக்கே ஆரம்பியுங்கள். பிற்பகல் மழையை நம்பாதீர்கள். வெங்காரத்துக்குக் கையுறை போடுங்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். இந்தப் படங்கள் வெளிச்சத்தில் மெல்ல மறையும்; சுவரில் மாட்டாமல் இழுப்பறைக்குள் வையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு முன்வாசலில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை நான் துணி காயப்போடக் கூடாதாம்.