அகலக்கால்

அந்த அகராதி அலுவலகத்தில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவள். சம்பளம் எழுத்துப் பிழைக்குத்தான். ஆனால் உதவி ஆசிரியர் எழுதித் தரும் எடுத்துக்காட்டுகள் அரைவேக்காடாக வரும். வாசகன் காறித் துப்புவானே என்று அவற்றையும் வாயைத் திறக்காமல் மாற்றி எழுதிவிடுவாள். பாடு இவளுடையது, பெயர் அந்த மனிதருடையது.

இந்த வருடம் ஆசிரியர் பதவி காலியானது. வீட்டில் மகள், "போட்டுப் பாரும்மா, என்ன குறைஞ்சிடப் போற?" என்றாள். விண்ணப்பம் போட்டாள்.

அதே வாரம் ஒரு அச்சுத்தாள் மேசைக்கு வந்தது. வாழ்க்கையில் உயர ஆசைப்படுவதைப் பற்றிய தொடர்கள்: முன்னுக்கு வருதல், மேலே வருதல், தலையெடுத்தல், கொடிகட்டிப் பறத்தல். எடுத்துக்காட்டு அத்தனையிலும் ஒரு "அவன்" முன்னுக்கு வந்துகொண்டே இருந்தான். கடைசியில் அகலக்கால் வைத்தல். அதற்கு மட்டும் ஒரு பெண் கிடைத்திருந்தாள்: "பிழை திருத்துகிறவள் ஆசிரியராக ஆசைப்படுவது அகலக்கால் வைப்பதாகும்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தாளோடு தலைமை ஆசிரியரின் அறைக்குள் போனாள். உதவி ஆசிரியரும் அங்கேதான் இருந்தார்.

"அட, விளையாட்டுக்கு எழுதினதும்மா! இதுக்கெல்லாமா கோவப்படுவாங்க?" என்று பல்லைக் காட்டினார்.

தலைமை ஆசிரியரும் சிரித்தார். "ஆசைப்படறது தப்பில்லம்மா. ஆனா அவங்கவங்க இருக்கிற இடத்துல இருந்தாதான் எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்கும்னா யாருக்கு சார்?"

அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார்கள். பதவி உதவி ஆசிரியருக்கே போனது.

மறுநாளிலிருந்து அவள் சம்பளம் வாங்கும் வேலையை மட்டும் செய்தாள். ஒற்று, கால்புள்ளி, ஒரு எழுத்து விடவில்லை. புது ஆசிரியர் வழக்கம்போலத் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அகராதி அச்சாகி, பைண்டாகி வந்த அன்று தலைமை ஆசிரியர் அடித்துப் பிடித்து அவள் மேசைக்கு ஓடிவந்தார். விரித்த பக்கத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்: "நஷ்டத்தில் கடையை இழுத்து மூடிய அவர், ஊரெல்லாம் கொடிகட்டிப் பறந்தார்."

"என்னம்மா இது! இந்த மாதிரி நாப்பது இருக்கு. நீங்க பாக்கவே இல்லையா?"

கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள்.

"எல்லாம் பாத்தேன் சார். எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல."