வெளியே தெரியாத கீறல்

எனக்கு இடது கன்னம் மட்டும் உப்பியிருக்கும். உள்ளே கொழுப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வலியில்லை. எங்கள் ஊர் தோணிரேவில் எல்லாருக்கும் பழகிப்போன முகம். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்தான், "பொண்ணு வாயில இன்னா அடக்கி வச்சிகினு இருக்குது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கன்னத்தைச் சரிபண்ணிவிட்டுச் சொல்லியனுப்பச் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நைனா என்னைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வயதான டாக்டர் ஒருவர் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். "இதை எடுக்கவே வேணாம். எடுத்தே ஆகணும்னா காதுக்கு முன்னால நீளமாத் திறக்கணும். சிரிக்க வைக்கிற நரம்பு அந்த வழியாத்தான் ஓடுது. அதைக் கண்ணால பார்த்து ஒதுக்காம கத்தி வைக்கக் கூடாது" என்றார். தழும்பு நிற்குமா என்று நைனா கேட்டார். நிற்கும் என்றார்.

அம்மா வேறொரு டாக்டரைக் கண்டுபிடித்தாள். ரயில் போகிற வழியில் ஓர் ஊரில் புதிதாய் ஆஸ்பத்திரி திறந்தவர். வாய்க்குள்ளேயே நகத்தளவு கீறி எடுத்துவிடுவாராம். வெளியே கோடுகூட விழாதாம்.

அம்மா கருவாட்டுக்கு மீன் சுத்தம் செய்கிறவள். அந்த வேலையில் கைகாரி யார் என்பதற்கு எங்கள் பெண்களிடம் ஒரே கணக்குதான். செவுளோரம் சின்னதாய்க் கீறி, மொத்தக் குடலையும் வெளியே இழுத்துவிட வேண்டும். வயிற்றை நீளமாய்க் கிழிக்கிறவள் அரைகுறை. டாக்டர்களையும் அம்மா அப்படியே எடை போட்டாள்.

"அந்தக் கெழவனுக்குக் கை வரல. அதான் மூஞ்சிய நீளமாக் கிழிக்கணும்னு சொல்றான். இவுரு சின்னக் கீறல்லியே எடுத்துடறாரு. எவுரு கைகாரரு, நீயே சொல்லு!"

எனக்கும் அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. மீன் அதற்கப்புறம் சிரிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

கன்னம் தட்டையானது. தெருப் பெண்கள் வந்து தழும்பைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. "இன்னா கை பாரு!" என்று வியந்தார்கள். நான் சிரித்தேன். அவர்கள் முகம் மாறியது. என் இடது பக்கம் அசையவே இல்லை. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆகவில்லை.

சிரிப்பதை விட்டேன். ஆரம்பாக்கத்துக்காரர்கள் மறுபடி வந்து, அடக்கமான பெண் என்று சொல்லித் தட்டு மாற்றினார்கள். அவர்கள் கண்ணில் கொள்ளி வைக்க!

போன சிரிப்பு என்னை விடவில்லை. தனியாக இருக்கையில் இடது கன்னமும் சேர்ந்து சிரிப்பதாகவே உள்ளே தோன்றும். கை வைத்துப் பார்த்தால் செத்துக் கிடக்கும். எனக்குப் பயமாக இருக்கும். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

பிறகு மகள் பிறந்தாள். அவளிடம் மட்டும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. தொட்டிலில் குனிந்து நாளெல்லாம் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பழகினாள், ஒரு பக்கம் மட்டும். "கொழந்த வாய் கோணிகினு போவுது" என்று அலறினேன். வீட்டுக்காரர் ஓடிவந்து அவளைத் தூக்கினார். அவரைப் பார்த்ததும் இரண்டு கன்னமும் குழிய, வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

"கொழந்த நல்லாத்தானே கீது?" என்று என் கையில் கொடுத்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு எனக்காக, ஒரு பக்கம் மட்டும் சிரித்தாள்.