தேரைராணியின் நடை

சான் பிரான்சிஸ்கோவில், மிஷன் தெருச் சலவைக்கடையின் மாடியில் குடியிருந்தாள் லோர்னா பெட்ராக். பெரிய பதிப்பகங்கள் கையால்கூடத் தொடாத படக்கதைகளைத் தானே வரைந்து, ரூடியின் அச்சகத்தில் அடித்து, கஞ்சாக் குழாய் விற்கும் கடைகளில் விற்பனைக்குப் போடுவாள். ஏழு வருஷமாக அவள் வரைந்தது ஒரு தேரைராணியை: ஒற்றைக்கண், தொந்தி, கிழிந்த பூட்ஸ், வாயைத் திறந்தால் வசவு.

1977இல் பெரியவர்களுக்கான மாயாஜாலக் கார்ட்டூன் படம் ஒன்று வந்தது. அதில் ஒரு தேரைச் சூனியக்காரி. அதே கண், அதே தொந்தி, அதே பூட்ஸ்.

அப்புறம் யார் அவளை நிம்மதியாக விட்டார்கள்? "கேஸ் போடுடீ" என்றாள் தோழி மார்வா. "உனக்குப் பெருமைதானே!" என்றான் ரூடி. கடையில் அவள் புத்தகத்தைப் புரட்டிய ஒருத்தன், "படத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க" என்றான்.

"ஆமாடா, ஏழு வருஷம் முன்னாடியே அடிச்சிட்டேன்!" என்று கத்திவிட்டு வெளியேறினாள் லோர்னா.

மறுவாரம் கையில் பூங்கொத்தோடு ஒருவன் கதவைத் தட்டினான். அந்தப் படத்தில் தேரையை வரைந்து அசைய வைத்த ஓவியன் டுவைட்.

"உங்க புத்தகம் மொத்தமும் என்கிட்ட இருக்குங்க. ஒரு மரியாதையாத்தான் அப்படி வரைஞ்சேன்."

"மரியாதைன்னா என் பேரு எங்கே?"

"படக் கம்பெனி முதலாளி வேணாம்னுட்டார்."

"அப்ப மரியாதை உங்க மனசுக்குள்ளயே நடந்துச்சாக்கும்! பூட்ஸுக்குக் கயிறு வேற போட்டிருக்கீங்க. அந்தத் தொந்தியோட குனிஞ்சு கட்டுவாளா அவ?"

லோர்னாவை உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. படத்தில் தேரை இடது காலை இழுத்து, ஒரு கணம் நின்று, தொந்தியை முன்னால் தள்ளி நடந்தது. அதற்காகவே மூன்று முறை பார்த்திருந்தாள்.

"அந்த நடை எங்கேர்ந்து புடிச்சீங்க?"

"உங்க மூணாவது புத்தகத்துல ஒரு படக்கட்டத்துல வாசல்ல நிக்கிறா, அடுத்ததுல அடுப்புகிட்ட. நடுவுல எப்படிப் போயிருப்பான்னு யோசிச்சேன்."

திட்ட வார்த்தை கிடைக்காததில் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. தாளை நீட்டினாள். "தேரை யாரோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. என் அடுத்த இதழ்ல முதல் பக்கத்துல போடறேன்."

"வேலை போயிடுங்க."

"எழுதுங்க."

எழுதினான். வேலை போகவில்லை. முதலாளி படக்கதை படிக்கிற ஆளில்லை.

அந்த இதழில் தேரைராணி இடது காலை இழுத்து நடந்தாள். அடியில் பொடி எழுத்தில், 'நடை: டுவைட்.'

"அவனுக்குப் போய் எதுக்குடீ?" என்றாள் மார்வா.

"அவன் எழுதினான்ல, நானும் எழுதித் தொலைச்சேன்!"

வாசகர் கடிதங்கள் வந்தன. பாதிப்பேர், ராணி பழையபடி நடக்கவில்லையே என்று திட்டியிருந்தார்கள்.